விரலும் திரையும் – 9: அக்கா மகள் கல்யாணமும் மதுரைக் கணக்கு நோட்டும்

கச்சிராயபாளையம் தாண்டினால் சாலை வளைந்து வளைந்து ஏறும். காது லேசாக அடைக்கும். மரவள்ளிக் காடுகளையும் சாமை விளையும் சரிவுகளையும் கடந்து வண்டி மூச்சு வாங்கி நிற்கும் இடம் வெள்ளிமலை. கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம். தாலுகா அலுவலகம் தேடி வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். உள்ளே ரேஷன் அட்டை, ஆதார், மடித்த மடிப்பிலேயே கிழியத் தொடங்கிவிட்ட ஏதோ ஒரு பழைய காகிதம்.

அந்தப் பையோடு ஒரு மலையாளிப் பழங்குடி மூதாட்டி ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

“பட்டா எடுக்கணும் தம்பி.”

“பட்டா நம்பர் இருக்கா பாட்டி? இல்லன்னா சர்வே நம்பர்?”

“நம்பரெல்லாம் தெரியாதுப்பா. மேக்கால ஓடை. கிழக்கால எங்க பெரியப்பன் காடு. நடுவுல இருக்கறது எங்களுது.”

கடைக்காரத் தம்பியின் திரையில் ஓடைக்கு இடமில்லை. பெரியப்பனுக்கும் இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண், உட்பிரிவு எண் என்று வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டமே தகராறு. பாட்டி பிறந்தபோது இந்த மலை தென்னாற்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது. வீட்டைவிட்டு ஓர் அடி நகராமல் பாட்டி மூன்று மாவட்டங்களில் வாழ்ந்துவிட்டார். அதற்கும் முன்னால், 1976இல் ஜாகிர் முறை ஒழியும்வரை, இந்த மலைக்காடுகளின் கணக்கு ஜாகிர்தாரர்களின் கையில் இருந்தது. எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர்?

எல்லாம் நிரப்பி முடித்தால் ஓ.டி.பி. கேட்கிறது. அது போய்ச் சேரும் கைபேசியோ, வேலைக்கு வெளியூர் போன மகனின் சட்டைப் பையில்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது சாமி. தப்பு எம்மேலதான்” என்று பாட்டி சொல்லிவிட்டு ஓரமாக உட்காருவார்.

இந்த வாரக் கதை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

★

சென்ற வாரம் 1999 பிப்ரவரியில், சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் நிறுத்தியிருந்தோம். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம் என்று கிடந்த காலம். ஒரு தளத்தில் படிக்க முடிந்த தமிழ், அடுத்த தளத்தில் கொக்கிகளும் கோடுகளுமாகச் சிதறியது. அந்தக் குழப்பத்தின் நடுவில் தமிழ் 99 விசைப்பலகை பிறந்த கதையைப் பார்த்தோம். விரல் எங்கே விழும், எந்த எழுத்து அடிக்கடி வரும் என்று யோசித்து அடுக்கப்பட்ட பலகை அது.

ஆனால், அந்தச் சண்டை முழுக்கத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்களின் சண்டை. விசைப்பலகையைத் தொடவே போகாதவர்களுக்கு இணையம் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி அப்போது தெற்கே, கடற்கரையில் வேறு ஒரு கூட்டத்தைக் குடைந்துகொண்டிருந்தது.

★

ஒலிபெருக்கியில் ஒரு வலைத்தளம்

1998. சென்னை தரமணியில் இருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரியில் கனடா நிதியுதவியோடு ஒரு சோதனையைத் தொடங்குகிறது. வில்லியனூரில் தலைமை மையம். சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்கள். கிராமத்து ஆட்களே, அவர்களிலும் அதிகம் பெண்கள், அவற்றை நடத்தினார்கள்.

கணினியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பயன்படுத்தச் சொல்லவில்லை. முதலில் ஊர் ஊராகப் போய், ‘உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?’ என்று கேட்டார்கள். இன்று எளிய காரியமாகத் தோன்றலாம். அந்தக் காலத்தில் இது அரிது.

வீராம்பட்டினம் மீனவர்களின் பதில் சுருக்கமானது. நாளைக்குக் கடல் எப்படி இருக்கும்?

விடை இணையத்தில் இருந்தது. வங்காள விரிகுடாவின் அலை உயரக் கணிப்பை அமெரிக்கக் கடற்படை தன் தளத்தில் வெளியிட்டு வந்தது. ஆங்கிலத்தில், நிறம் தீட்டிய வரைபடமாக. வாடையையும் கொண்டலையும் கச்சானையும் முதுகுத்தோலில் உணர்ந்து பழகிய மீனவருக்கு அந்தப் பக்கம் எதற்கு ஆகும்?

வில்லியனூரில் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார். தகவலைத் தமிழாக்குவார். அது குரல்பதிவாக வீராம்பட்டினம் போகும். அங்கே கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லும். வலை பின்னுகிறவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொள்ளலாம்.

வலைத்தள வடிவமைப்பு என்றால் நிறம், எழுத்துரு, பொத்தான் என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். வீராம்பட்டினத்துக்கான முகப்புப் பக்கம் ஓர் ஒலிபெருக்கி. அதைவிடப் பொருத்தமான முகப்பை அந்த ஊருக்கு யாரும் வடிவமைத்திருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

2001இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. அதைவிடப் பெரிய சோதனை 2004 டிசம்பர் 26 அன்று வந்தது. பக்கத்துக் கடலோர ஊரான நல்லவாட்டுக்கு, சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. அங்கிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. ஊர் எழுந்து ஓடித் தப்பியது.

ஆனாலும் ஒலிபெருக்கிக்கு ஒரு குறை உண்டு. அது ஊருக்குச் சொல்லும். ஊர் அதற்குத் திருப்பிச் சொல்ல முடியாது. ‘இந்தக் கட்டம் எனக்குப் புரியவில்லை’ என்று பாட்டி யாரிடம் சொல்வார்?

★

குறை சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

இங்கே மும்பைக்குப் போக வேண்டியிருக்கிறது.

மனிதரும் கணினியும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை 1980களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. மனிதர்–கணினி ஊடாட்டம் என்று தமிழில் சொல்கிறோம். 1982இல் தொடங்கிய அதன் பெரிய மாநாட்டுக்கு மூன்றெழுத்துச் சுருக்கப் பெயர். அதை அவர்கள் உச்சரிப்பது ‘கை’ என்று. தமிழ்க் காதுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

இந்தத் துறையின் அடிப்படைக் கருவி மிக எளிது. ஒருவரை உட்கார வைக்கிறோம். ஒரு தளத்தைக் காட்டி, ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறோம். அவர் எங்கே தடுமாறுகிறார், எதைத் திட்டுகிறார் என்று பக்கத்தில் இருந்து குறித்துக்கொள்கிறோம். திட்டுதான் தங்கம். அதிலிருந்துதான் அடுத்த வடிவம் பிறக்கும்.

இந்தியாவில் அந்தக் கருவி வேலை செய்யவில்லை.

ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின் மும்பைக் கிளையில் இருந்தவர் அபலா சவான். சோதனைக்கு வந்தவர்கள் தடுமாறினார்கள், வழி தெரியாமல் நின்றார்கள். கடைசியில் கேட்டால் “நல்லாத்தான் இருக்கு” என்றார்கள். கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தவரிடம் எப்படிக் குறை சொல்வது? குறை சொல்வது மரியாதைக் குறைவு. அதற்குப் பதிலாகத் தன்னைக் குறை சொல்லிக்கொள்வது சுலபம்.

இந்த மரியாதை ஒரு வடிவமைப்பாளருக்கு நஞ்சு. எல்லாரும் பாராட்டுகிறார்கள், யாராலும் பயன்படுத்த முடியவில்லை.

சவான் கண்டுபிடித்த வழி, இத்துறையின் வரலாற்றிலேயே வேடிக்கையானது. விமான டிக்கெட் பதிவு செய்யும் ஒரு தளத்தைச் சோதிக்க வேண்டும். ‘டிக்கெட் போடுங்கள்’ என்று சொல்லாமல், அவர் ஒரு கதை சொன்னார்.

உங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம். சின்னப் பெண், உலகம் தெரியாதவள். திடீரென்று உங்களுக்குத் தகவல் வருகிறது: மாப்பிள்ளை நிழலுலக ஆள். கூலிக்குக் கொலை செய்கிறவன். போதாததற்கு ஏற்கெனவே கல்யாணமானவன்! ஆதாரம் உங்கள் கையில் இருக்கிறது. அவனுடைய முதல் மனைவியையும் கூட்டிக்கொண்டு உடனே பெங்களூருக்குப் பறக்க வேண்டும். நேரமில்லை. ம், போடுங்கள் டிக்கெட்!

கோடம்பாக்கம் காப்புரிமை கேட்டிருக்கலாம். ஆனால் இதற்கு பாலிவுட் முறை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கதைக்குள் நுழைந்ததும் ஆட்கள் மாறிப்போனார்கள். மரியாதை பறந்தது. தாலி கட்டப் போகிற நேரத்தில் இதற்கு எதற்கு இத்தனை பக்கம்? இந்தப் பொத்தானுக்கு யார் இப்படிப் பெயர் வைத்தது? சாதாரண நேரத்தில் வாய் திறக்காதவர்கள் சின்னச் சின்னத் தடங்கலையெல்லாம் பொரிந்து தள்ளினார்கள். குறை தன்னுடையது அல்ல, தளத்தினுடையது என்று சொல்ல அவர்களுக்கு ஒரு நாடகம் தேவைப்பட்டது.

நம் ஊர் மனிதரைப் புரிந்துகொள்ள நம் ஊர் வழிதான் வேண்டும் என்பதை அந்த வேடிக்கைக் கதை துறைக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் விமானம் ஏறக்கூடியவர்கள். அரசுப் பேருந்துக்குச் சில்லறை எண்ணுகிறவர்களிடம் போனால்?

சவானே அங்கும் இருந்தார்.

★

மதுரை: நோட்டு பேசிய நாள்

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜமுக்காளம் விரித்து வட்டமாக உட்காருவார்கள். சேமிப்புப் பணம் நடுவில் விழும். எல்லார் கண் முன்னாலும் எண்ணப்படும். அனிமேட்டர் நோட்டில் எழுதுவார். சேமிப்பு, கடன், வட்டி, தவணை. கையெழுத்து அல்லது ரேகை.

ஒரு குழு என்றால் ஒரு நோட்டு போதும். நூற்றுக்கணக்கான குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆகும்போதுதான் சிக்கல். வங்கி கேட்கும் கணக்கு, கூட்டமைப்பு கேட்கும் கணக்கு, எல்லாவற்றையும் நோட்டிலிருந்து மறுபடி மறுபடி நகலெடுக்க வேண்டும். எங்கோ ஒரு கூட்டல் பிசகினால் பல மாதக் கணக்கும் இடிக்கும்.

2000களின் தொடக்கத்தில் தபன் பாரிக் என்ற இளம் கணினி ஆய்வாளர் கிராமத்து மகளிர் குழுக்களிடம் வந்து சேர்ந்தார். கூடவே கௌசிக் கோஷும் அபலா சவானும். இந்தப் பெண்களுக்கு ஒரு கணக்கு மென்பொருள் செய்ய வேண்டும்.

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

படித்த உலகத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தை எடுத்துவிட்டுப் படம் வைத்தால் போதும். பணத்துக்கு ஒரு நாணயப் படம், கடனுக்கு ஒரு கை, சேமிப்புக்கு ஒரு பானை. எளிமை! ஆனால் ஒரு படம் என்ன சொல்கிறது என்பது வரைந்தவருக்குத்தான் தெரியும். கை என்றால் கொடுக்கிறதா, வாங்குகிறதா?

அவர்கள் பெண்களோடு உட்கார்ந்து, மாதிரித் திரைகளைக் காட்டி, மாற்றி, மறுபடி காட்டினார்கள். வெளிப்பட்ட விஷயம் இது: எழுத்து வாசிக்கத் தடுமாறும் பெண்கள் எண்ணில் தடுமாறவில்லை. பேருந்து எண் தெரியும். ரூபாய் நோட்டு தெரியும். யார் எவ்வளவு பாக்கி என்பது விரல் நுனியில். ‘படிக்காதவர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவு அறிவு ஒளிந்திருந்தது. அந்த எண்ணறிவைப் பிடித்துக்கொண்டு ஏறும்படி திரையை அமைத்து, படத்தையும் கொஞ்சம் எழுத்தையும் குரலையும் துணைக்கு வைத்தால் போதும். இந்த ஆய்வை அவர்கள் 2003இல் கனடாவின் வான்கூவரில் நடந்த ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் இந்தத் தொடரில் அதற்கு இரண்டு வரிதான். திருப்பம் அடுத்துதான் வந்தது.

கணினி வந்தால் நோட்டு போய்விடும் என்பது எல்லா மென்பொருள்காரர்களின் கனவு. மதுரைக் குழுக்களில் நோட்டு போக மறுத்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. ரேகை வைத்த காகிதம் கையில் இருக்கிறது. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் எடுத்துக் காட்டலாம். பெட்டிக்குள் போன எண்ணை யார் பார்த்தார்கள்? மின்சாரம் போனாலும் நோட்டு அணையாது. வட்டமாக உட்கார்ந்த பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய ‘திரை’ அது.

காகிதம் படிக்காதவர்களின் பழைய பழக்கம், மாற்றிவிடலாம் என்று ஒரு பொறியாளர் நினைத்திருக்கலாம். பாரிக் எதிர்த்திசையில் போனார். காகிதத்தையே முகப்பாக்கினார்.

அவர் உருவாக்கிய ஏற்பாட்டில் படிவம் காகிதம்தான். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் குறியீடு அச்சாகியிருக்கும். கேமரா வைத்த கைபேசியை அதன்மேல் காட்டினால் கைபேசி பேசும். என்ன எண் வேண்டும் என்று கேட்கும். காகிதத்தில் எழுதிய எண்ணைப் பார்த்து அழுத்தினால் போதும். தகவல் குறுஞ்செய்தியாகக் கிளம்பிவிடும். காகிதம் குழுவிலேயே இருக்கும், ரேகையோடு. கடையில் ஒரு குறியீட்டைக் கைபேசியில் காட்டிப் பணம் செலுத்துவது இன்று வெள்ளிமலையிலும் பழகிப்போன காரியம். மதுரையில் இது நடந்தது, அந்தப் பழக்கம் நம்மிடம் வருவதற்குப் பத்தாண்டுக்கும் முன்னால்.

2006இல் மாண்ட்ரியலில் கூடிய அந்த ‘கை’ மாநாட்டில் இந்த ஆய்வு வாசிக்கப்பட்டது. 2007இல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ், இளம் கண்டுபிடிப்பாளர் வரிசையில் பாரிக்கை அவ்வாண்டின் மனிதநேயராகத் தேர்ந்தெடுத்தது. மதுரைக் கூட்டங்களில் பொறுமையாக உட்கார்ந்து, ‘இது புரியலை, அது புரியுது’ என்று சொன்ன பெண்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல்கள் எப்போதும் அப்படித்தான்.

★

குழாயில் தண்ணீர் விழுந்தது

அதே ஆண்டுகளில் பெங்களூரிலும் ஒரு வேலை நடந்தது. 2005இல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா ஆய்வகத்தில் இந்திராணி மேதி என்பவர், வீட்டு வேலை செய்யும் பெண்களுக்காக எழுத்தே இல்லாத திரையை உருவாக்கிக்கொண்டிருந்தார். வேலைவாய்ப்பு விவரங்களை அவர்களே பார்த்துக்கொள்வதற்கான திரை.

அங்கேயும் படங்கள் முரண்டு பிடித்தன. பாத்திரம் துலக்குவதைக் காட்டப் பாத்திரத்தை மட்டும் வரைந்தால் அது வெறும் பாத்திரம். குழாயிலிருந்து தண்ணீர் விழுவதையும் சேர்த்துக் காட்டினால்தான் வேலை.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று விளங்கிய பிறகும் பெண்கள் தயங்கினார்கள். வேலை கொடுக்கிற வீட்டம்மாவின் விவரம் இந்தப் பெட்டிக்குள் எப்படி வந்தது? அதை யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு குட்டி வீடியோ சேர்த்தார்கள். வேலைக்கு ஆள் தேடும் ஒருவர், அவர் சொன்ன தகவல் கணினிக்குள் போவது, அதைப் பார்த்து ஒரு பெண் வேலைக்குச் சேர்வது என்று முழுக் கதை. தயக்கம் குறைந்தது.

மும்பையில் அக்கா மகள். பெங்களூரில் வீட்டம்மா. இரண்டு இடத்திலும் கதவைத் திறந்தது ஒரு கதை.

★

பின்னால் நிற்பவர்

மேலூரை ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிடலாம். 2001இல், இதே மதுரை மாவட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லா இணைப்புத் தொழில்நுட்பத்தோடு கிராமம் கிராமமாக இணைய மையங்கள் திறந்தார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் ஓய்வூதிய விண்ணப்பங்களை ஊரிலிருந்தே அனுப்ப முடிந்தது. விண்ணப்பங்கள் கூடின. ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் சேவை தேய்ந்து படுத்தது. இந்தத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தார்கள். திரையை எவ்வளவு செதுக்கினாலும் மறுமுனையில் கோப்பைத் திறக்க ஒருவர் வேண்டும்.

திரைக்கு இந்த முனையிலும் ஒருவர் இருந்தார். அவரைத் துறை பெயர் சொல்லிக் கூப்பிட 2010 ஆனது.

அந்த ஆண்டு அட்லாண்டாவில் நடந்த ‘கை’ மாநாட்டில் நித்யா சாம்பசிவன், எட் கட்ரெல், கென்டாரோ டோயாமா, பானி நார்டி ஆகியோர் பெங்களூரின் ஏழைக் குடியிருப்புகளில் கண்டதை முன்வைத்தார்கள். அங்கே ஒரு கருவிக்கு ஒருவர் என்ற கணக்கே செல்லவில்லை. பலர் கருவியைத் தொடாமலே பயன்படுத்துகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன், மகள், கடைக்காரர் என்று யாரோ ஒருவர் இவருக்காக அழுத்துகிறார். அல்லது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறார். அல்லது திரையில் இருப்பதை மொழிபெயர்த்துச் சொல்கிறார். விசையைத் தட்டுகிறவர் ஒருவர், தேவை இன்னொருவருடையது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு வேண்டுமா என்று வெள்ளிமலையில் கேட்டால் சிரிப்பார்கள். போஸ்ட் ஆபீஸ் வாசலில் மணியார்டர் படிவம் நிரப்பித் தந்த காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. ஆனால் வடிவமைப்புப் புத்தகங்களில் அதுவரை திரைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது.

அந்த இரண்டாவது நாற்காலியை மனதில் வைத்துப் பட்டாப் பக்கத்தைப் பார்த்தால் எல்லாமே வேறாகத் தெரிகிறது. ஓ.டி.பி. யாருடைய கைபேசிக்குப் போக வேண்டும்? தம்பி தட்டியது சரிதானா என்று பாட்டி எப்படிச் சரிபார்ப்பார்? பெயர் தப்பாக விழுந்தால் அதைக் குரலாகப் படித்துக் காட்டுமா திரை? பழைய மாவட்டப் பெயரைச் சொன்னால் புதியதைக் காட்டுமா? ஓடைக்குக் கிழக்கே, பெரியப்பன் காட்டுக்கு மேற்கே என்று தொடங்கி ஒரு புல எண்ணில் போய் முடிய வழி உண்டா?

இந்தக் கேள்விகளுக்கான பாதி விடைகள் 2009க்கு முன்பே மதுரையிலும் பெங்களூரிலும் கிடைத்துவிட்டன. அந்த 2009இல்தான் தேசிய தகவலியல் மையம் ஒரு காரியம் செய்தது. நாட்டின் அரசு இணையதளங்கள் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முழு வழிகாட்டி நூலே வெளியிட்டது. மொழி எப்படி இருக்க வேண்டும், பார்வையற்றவர் எப்படிப் படிப்பார், பக்கங்கள் எப்படி இணைய வேண்டும் என்று விரிந்த நூல்.

வான்கூவருக்கும் மாண்ட்ரியலுக்கும் போன கிராமத்துப் பெண்களின் சொல், அந்த நூல் எழுதப்பட்ட டெல்லி மேசைக்கும் போய்ச் சேர்ந்ததா?

(அடுத்த வாரம்)